கஞ்சி குடித்த கேப்டன்

படம் முடிந்து முதலில் வெளியே வந்தவர் கேமராவைக் கண்டதும் திரும்பி உள்ளே போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர் நின்றார். குளச்சலில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் கிளீட்டஸ். என் நண்பன் சிஜின் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, படம் எப்படி இருக்கு?"

"படம் கெடக்கட்டு. எனக்கு ஒரு காரியம் மனசிலாவல்ல மக்கா. அந்த கேப்டன் எப்ப செத்தான்?"

"ரெண்டாம் பாகத்துலண்ணே. கதவ அடைச்சுட்டு அங்கயே நின்னாருல்லா?"

"அது செரி. செத்தான். பெறவு கப்பலுக்குத் திரும்பி வந்து மகளுக்க கூட இருந்து கஞ்சி குடிச்சானே, அது? இவன் என்னன்னா இந்தப் படத்துல மொத சீன்லயே அவனுக்க போட்டோவுக்கு மெழுகுதிரி கொளுத்தி வச்சிருக்கான். ஏலே, உயிரோட இருக்கவனுக்கு எதுக்குலே மெழுகுதிரி?"

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் அதே கேள்விதான்.

'தூரக்கோள்' முதல் பாகம் தொண்ணூற்றொன்பதில் வந்தது. இரண்டாம் பாகம் இரண்டாயிரத்து மூன்றில். இரண்டும் வெளிநாட்டுப் படங்கள், தமிழ் பேசி இங்கே வந்தவை. ஒரு விண்கப்பல் கேப்டனும் அவர் மகளும் வேறொரு கோளில் மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. இருபத்திரண்டு வருடம் கழித்து, யாரும் கேட்காமலே, மூன்றாம் பாகத்தை எடுத்துவிட்டார்கள். மகளுக்கு இப்போது நாற்பது வயது. அப்பாவின் உடலை எடுத்து வர அந்தக் கோளுக்குத் திரும்பிப் போகிறாள். நாகர்கோவிலில் வெள்ளிக்கிழமை முதல் காட்சி. சிஜினின் யூடியூப் சேனலுக்காக மக்கள் கருத்து எடுக்கப் போயிருந்தோம்.

எனக்கு வேறு வேலை இல்லை. திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில், ஒரு கால் சென்டரில், நான்கு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். துணி துவைக்கும் மெஷின் சுற்றவில்லை என்று கூப்பிடும் அமெரிக்கர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் காரணம் கிடையாது. அங்கே கற்றது ஒன்றே ஒன்று. குழம்பிப்போனவன் உரக்கப் பேசுவான். அன்றைக்கு தியேட்டர் வாசலில் எல்லோரும் உரக்கப் பேசினார்கள்.

"அது குளோனுண்ணே," என்றான் ஒரு கல்லூரிப் பையன். "ஒரு கேப்டன் செத்தாரு, இன்னொரு கேப்டன் கஞ்சி குடிச்சாரு."

"நீ ரெண்டாம் பாகம் பாத்தியா?"

"இல்லண்ணே. அப்ப நான் பொறக்கவே இல்ல."

சுசீந்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ராஜகுமார் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். "கஞ்சியா? என்ன கஞ்சி வே? கேப்டன் கதவ அடைச்சாரு, செத்தாரு, படம் முடிஞ்சு. நான் இதே நாகர்கோயில்ல பாத்தவன்."

கிளீட்டஸ் இன்னும் போகவில்லை. "நீரு பாதில எந்திச்சுப் போயிருப்பீரு."

"நான் எதுக்கு எந்திக்கேன்? நீரு ஒறங்கி சொப்பனம் கண்டிருப்பீரு."

"நாலு வாட்டி பாத்தேன் வே. நாலு வாட்டியும் ஒரே சொப்பனமா வரும்? ஒமக்கு டி.வி.ல பாத்த ஞாபகம். டி.வி.ல அந்த கஞ்சி சீன வெட்டிருவானுவ, வெளம்பரம் போடுததுக்கு."

இருவருக்கும் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். கடற்கரைக்காரர்களும் திங்கள்சந்தை ஊர்க்காரர்களும் கேப்டன் திரும்பி வந்தார் என்றார்கள். நாகர்கோவில்காரர்கள் இவர்களுக்குப் பைத்தியம் என்றார்கள். சிஜின் சந்தோஷத்தில் மைக்கை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நீட்டினான். அப்போதுதான் ஜாஸ்மி டீச்சர் வந்தார். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மைக்கைத் தானே கையில் வாங்கிக்கொண்டார்.

"நான் பத்தாம் கிளாசுக்கு சயின்ஸ் எடுக்கேன். ஆதாரம் இல்லாம பேச மாட்டேன். ரெண்டாம் பாகத்துல கேப்டன் திரும்பி வந்தாரு. எனக்க கண்ணால கண்டேன். டைரக்டருக்கு அவரு எடுத்த படமே மறந்து போச்சு. வயசாயிட்டு, பாவம். வீட்டுல உள்ளவங்க யாராவது சொல்லிக் குடுக்கணும்."

கடற்கரைக் கூட்டம் கை தட்டியது. சிஜின் அன்று மாலையே அதை ஏற்றினான். டீச்சர் முகத்தைப் பெரிதாக வைத்து, 'டைரக்டருக்கே பாடம் எடுத்த டீச்சர்' என்று தலைப்பும் போட்டான்.

சனிக்கிழமைக்குள் அது ஊர் தாண்டிப் போய்விட்டது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் கமென்டில் வந்து சிரித்தார்கள். இவர் எடுக்கும் சயின்ஸில் சூரியன் மேற்கே உதிக்கும் என்றான் ஒருவன். கண்ணால் கண்டாராம், அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றான் இன்னொருவன். கன்னியாகுமரிக்காரர்களுக்கு ஒரு சினிமாவை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை என்று ஆயிரம் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான். நானும் அந்தக் கஞ்சியைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில், ஐந்து முறை. சாம்பல் நிறத்தில், தகரக் கிண்ணத்தில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜாஸ்மி டீச்சர் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சிஜின் வீட்டில் முதலில் தேடியிருக்கிறார். அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

"வீடியோவ எடுத்துரச் சொல்லட்டா டீச்சர்?" என்றேன்.

"எடுக்காண்டாம். எடுத்தா நான் சொன்னது தப்புன்னு ஆயிரும்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "புதன்கெழம பேரன்ட்ஸ் மீட்டிங். பத்தாம் கிளாஸ்லேர்ந்து என்ன மாத்தணும்னு மூணு பேரு எழுதிக் குடுத்திருக்காவ. ஒரு சினிமாவ ஒழுங்கா பாக்கத் தெரியாதவ பிள்ளையளுக்கு என்ன சயின்ஸ் எடுப்பான்னு கேக்காவ. ஹெட்மாஸ்டர் என்னட்ட என்ன கேட்டாரு தெரியுமா? ஒடம்புக்கு ஏதாவது சொகமில்லியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கண்டது கண்டதுதான்னு சொன்னேன். நான் பொய் சொல்லல்ல, எனக்குக் கிறுக்கும் இல்ல. அது புதன்கெழமைக்கு முன்னாடி எல்லாருக்கும் தெரியணும். கேமரா பிடிச்சது நீங்கதான. நீங்க காட்டுங்க."

என் போனில் இரண்டாம் பாகத்தைத் தேடி எடுத்தேன். தமிழ் இல்லை, ஆங்கிலத்தில்தான் இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளினேன். கேப்டன் கதவை வெளியிலிருந்து அடைக்கிறார். மகள் கண்ணாடியில் அடித்து அழுகிறாள். கப்பல் கிளம்புகிறது. கேப்டன் மணலில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார். உடனே பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"கஞ்சி எங்க?" என்றார் டீச்சர்.

பெயர்கள் முடியும் வரை பார்த்தோம். கஞ்சி இல்லை. மறுபடியும் போட்டோம். அப்போதும் இல்லை. டீச்சர் இப்போது உட்கார்ந்துவிட்டார். போனை என் கையிலிருந்து வாங்கி விரலால் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனார். சண்டை, தூசிப் புயல், ஓட்டம். சட்டென்று அது வந்தது. தகரக் கிண்ணம். கேப்டனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து குடிக்கிறார்கள். மகள் தூங்குகிறாள். கேப்டன் அவள் நெற்றியில் கை வைக்கிறார். விளக்கு அணைகிறது. எல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் சாவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால்.

"இது முன்னாடியா வருது?" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கு எப்படி பின்னாடி வந்தது?"

"நீங்க எந்த தியேட்டர்ல பாத்தீங்க?"

"பனிமலர்ல. திங்கள்சந்தை. சர்ச்சு பிள்ளைய எல்லாரும் சேர்ந்து போனோம்."

நானும் பனிமலர்தான். கிளீட்டஸைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று முறை பனிமலரில், ஒரு முறை குளச்சலில் என்றார். அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பனிமலர் இப்போது கல்யாண மண்டபம். அது தியேட்டராக இருந்தவரை அங்கே படம் ஓட்டியவர் என் அப்பா.

அப்பா முற்றத்தில் நட்டிருந்த இரும்புப் பாரையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். பெயர் ராஜையன். அறுபத்தெட்டு வயது. அதிகம் பேச மாட்டார்.

"அப்பா, தூரக்கோள் ரெண்டாம் பாகம் ஓட்டினது ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ ஓட்டியாச்சு."

"அதுல ரீல் ஏதும் மாறிச்சா?"

பாரையில் குத்திய தேங்காய் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தார். "இது யாரு?"

அம்மா அடுக்களை வாசலிலிருந்து பதில் சொன்னாள். "யூடியூப்ல எல்லாவனும் சேர்ந்து திட்டுதானுவல்லா, அந்த டீச்சர் பிள்ள. எல்லாம் ஒம்ம மகனுக்க வேல."

"இருவத்தேழு வருசம் ஓட்டினேன்," என்றார் அப்பா. "ஒரு ரீல் மாறினதில்ல."

"மாறல்லியா?" என்றாள் அம்மா. "அப்போ குளச்சல் திருநாள் அன்னைக்கு வந்து சோறு திங்காம செவுத்தப் பாத்துக் கெடந்தீரே, அது என்ன நோம்பா?"

அப்பா பாரையிலிருந்து தேங்காயைப் பிடுங்கிக் கீழே வைத்தார். பிறகு டீச்சரைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதெல்லாம் இரண்டு தியேட்டருக்குச் சேர்த்து ஒரு படப்பெட்டிதான் வரும். குளச்சலில் படம் முதலில் தொடங்கும். அங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் பைக்கில் ஒருவன் அதைத் திங்கள்சந்தைக்குக் கொண்டு வருவான். அவன் வந்து சேர்வதற்கும் பனிமலரில் முந்தைய ரீல் முடிவதற்கும் சரியாக இருக்கும். தூரக்கோள் வந்த முதல் நாள் குளச்சலில் மாதா கோவில் திருநாள். தேர்ப்பவனி ரோட்டை அடைத்துவிட்டது. பத்தாவது ரீல் முடிந்து திரை வெறுமையாகிக் கால் மணி நேரம். ஜனம் விசிலடித்து நாற்காலியை உதைத்தது. கடைசியில் பைக் ஓட்டுகிறவன் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"மேல இருந்த டப்பாவ எடுத்து மாட்டினேன்," என்றார் அப்பா. "நம்பர் பாக்கல்ல. பாக்க எங்க விட்டானுவ? முடியப்போவும்போ திரும்பிப் பாத்தா கீழ ஒரு டப்பா கெடக்கு. பதினொண்ணு."

"பெறவு?" என்றார் டீச்சர்.

"பேரு போடுத எடம் வந்தா நாங்க ஓட்ட மாட்டோம், வெளக்க அணைச்சிருவோம். அன்னைக்கும் அணைச்சேன். ஜனம் எந்திச்சாச்சு. ஆனா டிக்கெட் எடுத்தவனுக்கு பன்னெண்டு ரீல் காட்டணும்லா? ஒரு ரீல கையில வச்சுக்கிட்டு எப்படி வீட்டுக்குப் போவ? அதனால பதினொண்ண போட்டேன்."

எழுந்து நின்ற ஜனம் செத்த கேப்டன் கப்பலுக்குத் திரும்பி வந்து மகளோடு கஞ்சி குடிப்பதைக் கண்டது. முதலில் சத்தமே இல்லையாம். பிறகு அப்பா அதுவரை கேட்காத கைதட்டல்.

"அது ஒரு நாள்," என்றேன். "நான் அஞ்சு நாள் பாத்தேனே."

"மறுநாள் ஒழுங்காதான் போட்டேன். முந்தின நாள் பாத்தவன் பாதிப்பேரு மறுபடியும் வந்திருந்தான், பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு. கேப்டன் செத்து நான் வெளக்க அணைச்சதும் ஒருத்தனும் எந்திக்கல்ல. கடைசி சீன எதுக்குலே வெட்டினன்னு கத்துதானுவ. ரெண்டு நாக்காலி போச்சு. முதலாளி கேபினுக்கு ஏறி வந்தாரு. சவம் கெடக்கட்டு, நேத்து போட்ட மாதிரியே போடும்னாரு. இருவத்திமூணு நாள் அப்படித்தான் ஓடிச்சு. ரெண்டாவது வாரம் குளச்சல்காரனும் அப்படியே ஓட்டினான். இல்லன்னா அங்க ஆளு ஏறல்ல."

ஜாஸ்மி டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "நாங்க போனது ரெண்டாவது ஞாயித்துக்கெழம. சர்ச்சுல ஓய்வுநாள் பள்ளி முடிஞ்சு, மேட்னி."

"அப்போ அது தெரிஞ்சே போட்டதுதான், பிள்ளே," என்றார் அப்பா.

டீச்சர் வெகு நேரம் அவரையே பார்த்தார். கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்கு வருடம் குரலை மட்டும் கேட்டே ஆளைக் கணித்தவன் நான். முகம் எனக்குப் பழக்கமில்லை.

"இத கேமராவுல சொல்லுவீங்களா அங்கிள்?"

"அது நடக்காது. படத்த மாத்திப் போட்டவன்னு எனக்குப் பேரு வேண்டாம். இதுவர வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது."

"புதன்கெழம நாப்பது பேருக்கு முன்னாடி நான் நிக்கணும். அவுங்க என்ன கிறுக்கின்னு நெனைக்காவ. நீங்க செஞ்சதுக்கு நான் எதுக்கு கிறுக்கி ஆவணும்?"

அப்பா எழுந்து குழாயடிக்குப் போனார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அம்மா அடுக்களையிலிருந்து, "வெள்ளச் சட்டை கொடியில கெடக்கு," என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்தபோது அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். நான் கேமராவை வைத்தேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், மேல் டப்பா கீழ் டப்பா என்று எல்லாவற்றையும் ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஏற்றினோம். சிஜின் 'தியேட்டர்காரர் செய்த மோசடி' என்று தலைப்பு வைத்தான். அதை மாற்றாவிட்டால் இனி கேமரா பிடிக்க மாட்டேன் என்றேன். மாற்றினான். புதன்கிழமைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டரே அதைத் திரையில் போட்டுக் காட்டினாராம். மனு கொடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூன்றாமவர் வரவில்லை. பத்தாம் வகுப்பு டீச்சரிடமே இருந்தது. வெளியூர்க்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். டைரக்டரைவிட ஆப்பரேட்டர் நல்ல முடிவு வைத்திருக்கிறார் என்றுகூட ஒருவன் எழுதினான்.

எங்கள் ஊரில்தான் யாரும் நம்பவில்லை. கிளீட்டஸ் போனில் கத்தினார்.

"உங்க அப்பாவுக்கு எவன்லே பைசா குடுத்தான்?"

"யாரும் குடுக்கல்லண்ணே. அவரு ஓட்டினத அவரு சொல்லுதாரு."

"என்னத்த ஓட்டினாரு? நான் கண்டேன்லே, அவன் திரும்பி வந்தத. இருவத்திரண்டு வருசமா உயிரோட இருந்தவன இப்ப வந்து செத்துட்டான்னு சொன்னா? கெழவனுக்கு புத்தி பெசகிப் போச்சு. நல்ல டாக்டர்ட்ட காட்டு."

சர்ச்சில் நான்கு பேர் அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அவர் எல்லோருக்கும் நல்ல சுகம் என்று பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து, "இதுக்குத்தான் வேண்டாம்னேன்," என்றார். டீச்சர் தலையிலிருந்து இறக்கியதை அப்பா தலையில் ஏற்றியிருந்தேன். வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா என்று யோசித்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் டீச்சர் வந்தார். நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நினைத்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கொடுத்த சாயாவைக் குடித்தார்.

"கிளாஸ்ல ஒருத்தன் எந்திச்சுக் கேட்டான்," என்றார். "டீச்சர், அப்போ கேப்டன் செத்தாரா இல்லியான்னு."

"செத்தாருன்னு சொல்லலாம்லா?" என்றேன். "அதான் தெரிஞ்சு போச்சே."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல்ல. இருவத்திரண்டு வருசமா எனக்கு அவரு சாவல்ல. இப்போ உள்ள படம் சொல்லுது, செத்துட்டாருன்னு. நான் கண்டதும் பொய் இல்ல. நீங்கதான் அத வீடியோ போட்டு நிரூபிச்சீங்க. அப்போ ரெண்டுல எத சொல்ல?" அவர் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அங்கிள். அத்தன நாள் ஓட்டினவரு நீங்க. அவரு செத்தாரா, இல்லியா?"

அப்பா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் படம் பாக்கல்லியே. ரீல் முடியப்போவும்போ திரைக்க மூலையில ஒரு புள்ளி வரும். நான் அதத்தான் பாப்பேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். சாயா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை கூடப் போனேன்.

"நாளைக்கு மறுபடியும் கேப்பானுவளே டீச்சர்."

"கேக்கட்டு," என்றார், ஸ்கூட்டரைத் தள்ளித் திருப்பிக்கொண்டே. "கேக்கவன வெளிய நிறுத்துவேன். ஒளிவிலகல் பாடம் இன்னும் பாதி கெடக்கு."